பழைய டிரெய்லர் வாங்குமுன் கீழே படுத்துப் பாருங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பனி உருகி ஏப்ரல் பிறந்ததும், பழைய முகாம் டிரெய்லர்களின் விற்பனை விளம்பரங்கள் பெருகத் தொடங்கும். மெத்தை விரித்த கட்டில், துடைத்து வைத்த அடுப்பு, மடக்கு மேசை, வெளியே விரித்த நிழற்கூரை என்று படங்கள் வரிசையாக இருக்கும். வண்டியின் அடிப்புறத்தைக் காட்டும் படம் மட்டும் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. இதில் சூது எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. பத்தாண்டுகளாக வண்டியை வைத்திருப்பவர்களிலேயே பலர் அதன் கீழே ஒருமுறைகூடப் படுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் பெருஞ்செலவு வைக்கக்கூடிய சட்டகம், ஆக்சில் எனும் சக்கர அச்சு, தரைப்பலகை ஆகிய மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. அடுப்பையோ குளிர்பெட்டியையோ ஒரு மதியத்தில் மாற்றிவிடலாம். ஊறிப்போன தரையை மாற்ற வேண்டுமானால் சுவர்கள் வரை பிரிக்க நேரிடும்.

என்னுடைய இன்னொரு கருத்தையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். டிரெய்லரின் அடிப்புறம் முழுவதும் தகடிட்டு மூடப்பட்டிருப்பதை விற்பனையாளர்கள் ஒரு சிறப்பம்சமாகச் சொல்வார்கள். புது வண்டி வாங்குபவருக்கு அது சிறப்பாகவே இருக்கலாம். குளிரைத் தடுக்கும், குழாய்களைக் காக்கும். பழைய வண்டி வாங்குபவருக்கோ அது ஒரு திரை. ஆகவே திறந்த அடிப்புறமும் ஓரளவு துருவும் கொண்ட வண்டியைவிட, எதுவும் தெரியாதபடி மூடியிருக்கும் வண்டியிடம்தான் கூடுதல் ஐயத்தோடு நடந்துகொள்கிறேன்.

கீழே நுழைவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்டி சமதளத்தில், இழுக்கும் வாகனத்தோடு பூட்டிய நிலையில், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கப்பட்டு நிற்க வேண்டும். நான்கு மூலைகளிலும் இறக்கி வைக்கும் ஸ்டெபிலைசர் கால்கள் வண்டி ஆடாமல் இருப்பதற்கானவையே தவிர எடையைத் தூக்குவதற்கானவை அல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் கீழே தலையை நீட்டவே கூடாது. படுக்க ஒரு பெரிய அட்டை, தலைவிளக்கு, சிறு சுத்தியல், கம்பித்தூரிகை, ஸ்க்ரூடிரைவர், ஒரு நீள நூல், கண்ணில் துருப்பொடி விழாமலிருக்க ஒரு காப்புக் கண்ணாடி ஆகியவை போதும்.

பெரும்பாலான டிரெய்லர்களின் அடியில் இரண்டு ஐ-வடிவ எஃகு உத்தரங்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும், சுவரின் விளிம்பைத் தாங்குவதற்காக வெளிப்பக்கம் நீளும் கைகளும் சேர்ந்ததுதான் சட்டகம். இதில் துரு இல்லாத பழைய வண்டியை இந்த மாகாணத்தில் தேடுவது வீண்வேலை. கேள்வி எவ்வகைத் துரு என்பதுதான். செம்பழுப்புப் பொடியாக மேலே படிந்திருப்பதைக் கம்பித்தூரிகையால் தேய்த்ததும் அடியில் முழு இரும்பு தெரிந்தால் அது வெறும் மேல்துரு. அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. அடுக்கடுக்காகப் பெயர்ந்து, விரலால் நெம்பினாலே செதில்செதிலாக உதிர்வது வேறு வகை. அங்கே இரும்பின் கனமே குறைந்துவிட்டது என்று பொருள். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடத்தில் ஒலி அமுங்கிப்போகும்.

குளிர்காலத்தில் வண்டி எங்கே இருந்தது என்று விற்பவரிடம் கேட்பது இந்த இடத்தில் பயன்படும். அக்டோபரில் நிறுத்தி மே மாதத்தில் எடுத்த வண்டி சாலை உப்பை அதிகம் கண்டிராது. ஓய்வுபெற்றவர்கள் குளிருக்குத் தப்பி ஆண்டுதோறும் புளோரிடாவுக்கு இழுத்துச் சென்ற வண்டியோ, ஜனவரியில் உப்புத் தூவிய நெடுஞ்சாலையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, பிறகு கடற்காற்றில் மாதக்கணக்கில் நின்றிருக்கும். உள்ளே அது எவ்வளவு பாங்காக வைக்கப்பட்டிருந்தாலும் கீழே வேறு கதையாக இருக்கலாம்.

துருவைவிடக் கவனமாகத் தேட வேண்டியது விரிசலை. அது வழக்கமாக வெல்டிங் செய்த இடத்தின் ஓரத்தில், தலைமுடி கனத்தில் ஒரு கோடாகத் தோன்றும். அந்தக் கோட்டிலிருந்து பழுப்பு நீர் வழிந்த தடமும் இருக்கும். இரண்டு இடங்களை விட்டுவிடக் கூடாது. ஒன்று, ஸ்பிரிங்குகளைத் தாங்கும் பிடிகள் உத்தரத்தோடு சேரும் இடம். வண்டி திரும்பும்போது பக்கவாட்டில் வரும் முறுக்கு முழுவதும் அங்கேதான் விழுகிறது. மற்றொன்று, முன்புறம் ஏ-வடிவில் நீளும் இழுகை உத்தரங்களோடு சட்டகம் சேரும் இடம். ஸ்கார்பரோவில் வாகனப் பட்டறை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் இதற்கு ஓர் எச்சரிக்கை சொல்வார்: “துரு இருந்தாப் பரவாயில்லைத் தம்பி, நேத்துப் பெயின்ற் அடிச்சிருந்தாத்தான் யோசிக்கோணும்.” அவர் சொல்வது சரி. சட்டகத்தில் மட்டும், அதுவும் சில அடி நீளத்துக்கு மட்டும், புதுக் கறுப்பு வண்ணம் மின்னினால் அதன் அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டாக வேண்டும்.

இந்த இடத்தில் போலர் டிரெய்லர்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1968-இல் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் உருவாக்கிய 13 அடி ஃபைபர்கிளாஸ் டிரெய்லர் அது. முட்டை வடிவத்தாலும் பழமையின் கவர்ச்சியாலும் கனடாவில் அதற்கு இன்றும் பெரும் கிராக்கி உண்டு. ஃபைபர்கிளாஸ் கூடு உளுத்துப்போகாது, துருப்பிடிக்காது. அதனாலேயே அதன் கீழுள்ள எஃகுச் சட்டகம் அரை நூற்றாண்டு வயதானது என்பதை வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆக்சிலுக்கு முன்புறம், சட்டகம் வளையும் பகுதியில் விரிசல் விடுவது அந்த வண்டிகளில் நன்கு அறியப்பட்ட குறை. கனத்த தகடு வைத்து முறையாக வெல்டு செய்து வலுப்படுத்திய போலரைக் கண்டால் அதைக் குறையாகக் கருத வேண்டாம். ஒன்றும் செய்யப்படாத சட்டகத்தைவிட அது நல்லது.

இனி அந்தத் திரைக்கு வருகிறேன். இப்போதைய டிரெய்லர்கள் பலவற்றில் அடிப்புறத்தை மூடியிருப்பது கறுப்பு நிற நெளி பிளாஸ்டிக் தகடு. தேர்தல் காலத்தில் வீட்டு முற்றங்களில் நடும் வேட்பாளர் பலகைகளும் இதே பொருளில்தான் செய்யப்படுகின்றன. அதை உத்தரங்களோடு திருகாணிகளால் இறுக்கியிருப்பார்கள். மேலே கண்ணாடி இழைப் பஞ்சு, குழாய்கள், தொட்டிகள், அவற்றுக்கும் மேலே தரைப்பலகை. தகடு தண்ணீரை உள்ளே விடாது என்பது உண்மை. உள்ளே வந்துவிட்ட தண்ணீரை வெளியேயும் விடாது என்பதுதான் சிக்கல். கூரையின் மூலையில் கசிந்த மழைநீர் சுவருக்குள்ளேயே இறங்கித் தரையின் விளிம்பை அடைந்து, பஞ்சில் ஊறி, தகட்டின் மேல் தேங்கி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் எதுவும் தெரியாது.

ஆகவே தகட்டைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் கையால் தாங்கிப் பார்க்க வேண்டும். இரண்டு குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே தொய்வு தெரிந்தால் உள்ளங்கையால் மேலே தள்ளிப் பாருங்கள். வெறும் தொய்வானால் இலேசாக எழும், ஈரப் பஞ்சோ நீரோ இருந்தால் கனக்கும். திருகாணிகளைக் கவனியுங்கள்: ஆலையில் போட்டவை எல்லாம் ஒரே வகையாக, ஒரே சீராகத் துருவேறியிருக்கும். ஒரு பகுதியில் மட்டும் வேறு தலை, வேறு நிறம் என்றால் யாரோ ஒருவர் அதைத் திறந்திருக்கிறார். திறந்ததில் குற்றமில்லை, ஏன் திறந்தார் என்பதற்கு விடை கிடைக்க வேண்டும். கத்தியால் சதுரமாக வெட்டிப் பிறகு நாடா ஒட்டிய இடம் இருந்தால், அதன் நேர்மேலே எந்தக் குழாய் அல்லது தொட்டி இருக்கிறது என்று பாருங்கள். தகட்டில் துளைகளைச் சுற்றி எலி கொறித்த தடம் இருந்தால் மேலே பஞ்சில் எலிக்கூடும், கடிபட்ட மின்கம்பியும் இருக்க வாய்ப்புண்டு.

பேரி நகருக்கு வடக்கே நான் பார்த்த ஒரு வண்டி இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. உள்ளே குறை சொல்ல ஒன்றுமில்லை. தரையில் கால் அழுந்தவும் இல்லை. பின்மூலையில் தகடு சற்றே தொய்ந்திருந்தது. இரண்டு திருகாணிகளைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். உரிமையாளர் தயங்காமல் சம்மதித்ததோடு தானே கருவியும் எடுத்து வந்தார். முதல் திருகாணி வெளிவந்ததும் அந்தத் துளை வழியே பழுப்பு நீர் கோடாக இறங்கியது. தகட்டின் ஓரத்தை விலக்கிப் பலகையைத் தொட்டபோது மரச்சீவல்கள் ஊறிய அவல்போல விரலோடு வந்தன. மேலே விரித்திருந்த வினைல் தரைவிரிப்புதான் அதுவரை எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருந்தது. அந்த மனிதருக்கு அது என்னைவிடப் பெரிய அதிர்ச்சி. கூரையின் பின்விளிம்பில் ஒட்டுப்பசை காய்ந்து வெடித்திருந்ததை ஏணி போட்டுப் பார்த்த பிறகு இருவருக்கும் காரணம் புரிந்தது.

தரைக்குப் பல வண்டிகளில் பயன்படுத்துவது மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை. ஒருமுறை நன்றாக ஊறி வீங்கினால் காய்ந்த பிறகும் பழைய கனத்துக்குத் திரும்பாது. எனவே விளிம்பில் தென்படும் வீக்கம், கசிவு நின்றுபோயிருந்தாலும் அதன் சான்றாக நிற்கும். முன்பக்கக் கீழ்மூலைகளும் இப்படியே பார்க்கத்தக்கவை. இழுக்கும் வாகனத்தின் சக்கரங்கள் வாரியிறைக்கும் நீரும் சரளைக்கல்லும் நேராக அங்கேதான் மோதுகின்றன. பக்கவாட்டில் வெளியே நகரும் அறை கொண்ட வண்டியானால் அந்த அறையை முழுவதும் வெளியே நகர்த்தச் சொல்லி, அதன் அடிப்பலகையின் விளிம்புகளைக் கையால் தடவிப் பாருங்கள். மழைநீர் சொட்டும் விளிம்பு அது. மற்ற இடங்கள் நன்றாக இருக்கும்போதே அது ஊறத் தொடங்கியிருக்கும்.

தொட்டிகளின் எடையை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். 150 லிட்டர் நன்னீர்த் தொட்டி நிறைந்தால் 150 கிலோ. அதை மெல்லிய கோண இரும்புகளோ பட்டைகளோ தாங்குகின்றன. அவை வளைந்திருக்கின்றனவா, முனையில் துருவேறி இற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு: பார்க்க வருமுன்பே விற்பவரிடம் நன்னீர்த் தொட்டியை நிரப்பி வைக்கச் சொல்லுங்கள். போனதும் பம்பை இயக்கிக் குழாய்களில் அழுத்தம் ஏற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பார்த்து, அரைமணி கழித்துக் கீழே படுங்கள். இங்கே குளிர்காலத்துக்கு முன் குழாய்களை வடித்து, இளஞ்சிவப்பு உறைதடுப்பு நீர்மத்தைச் செலுத்தி வைப்பது வழக்கம். ஒரே ஓர் ஆண்டு அதைத் தவறவிட்டிருந்தாலும் இணைப்புகள் வெடித்திருக்கும்; அந்தக் கசிவு தண்ணீர் ஓடும்போதுதான் தெரியும்.

ஆக்சில்களுக்கு வருவோம். பட்டை ஸ்பிரிங் கொண்ட வண்டியில் முதலில் ஆக்சில் குழாயின் வடிவத்தைப் பாருங்கள். நல்ல ஆக்சில் நடுவில் மிக இலேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். எடை ஏறும்போது நேராவதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். குழாயின் அடியில் நூலைப் பிடித்துப் பார்த்தால் இது தெரிந்துவிடும். நடுப்பகுதி கீழே தொங்கினால் வண்டி அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடியிருக்கிறது. அப்போது சக்கரங்களின் மேற்பகுதி உட்பக்கம் சாயும். டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கும். இந்தத் தேய்மானம் வெளியே நின்று பார்ப்பவர் கண்ணில் படாது.

ஆக்சிலில் ஒட்டியிருக்கும் சிறு தகட்டில் அதன் தாங்குதிறன் இருக்கும். 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,588 கிலோ, என்பது பரவலாகக் காணும் அளவு. டிரெய்லரின் இடப்பக்க முன்பகுதியில் ஒட்டியுள்ள விவரச் சீட்டில் இருக்கும் மொத்த எடை வரம்போடு இதை ஒப்பிடுங்கள். இரண்டும் நெருக்கமாக இருந்தால் முந்தைய உரிமையாளர் என்னென்ன ஏற்றினார் என்பது முக்கியமான கேள்வியாகிறது.

இரட்டை ஆக்சில் வண்டிகளில் முன் ஸ்பிரிங்குக்கும் பின் ஸ்பிரிங்குக்கும் நடுவே எடையைப் பகிரும் ஈக்வலைசர் என்ற துண்டும், அதை இணைக்கும் ஷேக்கிள் பட்டைகளும் இருக்கின்றன. அவற்றின் துளைகளுக்குள் ஆலையில் போடுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் புஷ்கள், அதாவது போல்ட்டைச் சுற்றியிருக்கும் சிறு குழல்கள். அவை தேய்ந்து மறைந்ததும் இரும்பு இரும்பைத் தின்னத் தொடங்கும்; வட்டத் துளை முட்டை வடிவாகும். வெண்கலப் புஷ்ஷும் கிரீஸ் செலுத்தும் போல்ட்டும் மாற்றியிருந்தால், வண்டியின்மேல் அக்கறை கொண்ட ஒருவரிடம் அது இருந்திருக்கிறது என்று மகிழலாம். இந்தத் தேய்மானம் பேரத்துக்கு உதவுமே தவிர வண்டியைக் கைவிடுவதற்குக் காரணமாகாது.

பட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாக, சதுரக் குழாய்க்குள் ரப்பர் வைத்து அழுத்திய டார்ஷன் ஆக்சில் சில வண்டிகளில் இருக்கும். ரப்பருக்கு ஆயுள் உண்டு. அது தளர்ந்ததும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை மேலேறிவிடும், டயர் சக்கரக்குழியை நெருங்கிவிடும். ரப்பரை மட்டும் மாற்ற முடியாது. முழு ஆக்சிலையே மாற்ற வேண்டும். இந்த வகை ஆக்சிலின் குழாயில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் குழாய் வளைந்து கெடும் என்பதால், குழாயின் நடுவில் அமுங்கிய தழும்பு உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

டயரின் பக்கச்சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 3518 என்றால் 2018-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். முழுக் குறியீட்டை ஒரு பக்கச்சுவரில் மட்டும் அச்சிட்டால் போதும் என்பதால் பல வேளை அது உட்பக்கமே இருக்கும். ஆக இதற்கும் கீழே போகத்தான் வேண்டும். டிரெய்லர் டயர்கள் தேய்ந்து கெடுவதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம். மேலே வரிப்பள்ளங்கள் தேயாமல் ஆழமாக இருந்தாலும், பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தாலோ ஆறு வயதைத் தாண்டியிருந்தாலோ புது டயர்களின் விலையை மனத்துக்குள் கழித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவேன். பார்க்கும்போதே சக்கரக்குழியின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே ஒட்டுப்போட்ட தகடு இருந்தால் முன்பு ஒரு டயர் ஓட்டத்தில் வெடித்திருக்கலாம். கிழிந்த டயரின் பட்டை சவுக்காக வீசி, அருகிலுள்ள மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் அடித்திருக்கும்.

ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். முகாம் டிரெய்லர்களில் அது பெரும்பாலும் மின்காந்த பிரேக். ஆக்சில் ஓரத்தில் கம்பிகள் தொங்குகின்றனவா, உரசித் தோல் உரிந்திருக்கின்றனவா, வெறும் கறுப்பு நாடா சுற்றியிருக்கின்றனவா என்று பார்ப்பது சில நிமிட வேலை. சக்கரத்தின் உட்பக்கம் கிரீஸ் வழிந்திருந்தால் அதை உள்ளே நிறுத்தும் சீல் போயிருக்கிறது; அந்த கிரீஸ் பிரேக் லைனிங்கிலும் படிந்திருக்கும். சட்டகத்தின் ஓரமாக ஓடும் எரிவாயுக் குழாயில் செதில்துருவோ, பிடி கழன்ற தொங்கலோ இருந்தால் உருளையைத் திறந்து, இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தாக வேண்டும். இதில் சலுகை காட்டக் கூடாது.

கடைசியாகப் பின்புறம். கழிவுநீர் வெளியேறும் குழாயின் அடியிலும் பின் பம்பரின் அடியிலும் உராய்ந்த தழும்புகள் இருந்தால் வண்டி மேட்டிலும் பள்ளத்திலும் தரையைத் தொட்டிருக்கிறது. குழாயின் இணைப்பில் விரிசலைத் தேடுங்கள். பழைய ஏர்ஸ்ட்ரீம் வகை டிரெய்லர்களில் இன்னொரு சோதனை உண்டு. அலுமினியக் கூடும் எஃகுச் சட்டகமும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். பின்பகுதித் தரையும் உளுத்தால் கூட்டுக்கும் சட்டகத்துக்கும் உள்ள பிடிப்பு விட்டுவிடும். பின் பம்பரில் ஏறி மெல்லக் குதித்தால் பம்பர் மட்டும் இறங்கி, கூடு அப்படியே நிற்கும். 1970-களின் நீண்ட மாதிரிகளில் இது அடிக்கடி பேசப்படும் குறை. அடிப்புறம் முழுவதும் அலுமினியத் தகட்டால் மூடப்பட்டிருப்பதால் இந்தச் சோதனையின்றி அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

டயர், புஷ், கம்பி, ஸ்பிரிங் எல்லாம் பேரத்துக்கு உரியவை. ஸ்பிரிங் பிடியருகே விரிசல், செதிலாகப் பெயரும் உத்தரம், ஊறிய தரைவிளிம்பு ஆகிய மூன்றில் ஒன்று தென்பட்டாலும், வெல்டிங்கும் தச்சும் கைவசம் உள்ளவர் தவிர மற்றவர்கள் விலகிவிடுவதே நல்லது என்பது என் எண்ணம். விலை குறைவு என்பது அங்கே ஒரு வாதமே அல்ல. இரண்டு திருகாணிகளைக் கழற்ற மறுக்கும் விற்பனையாளரிடமும் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

கீழே இருக்கும்போதே எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இடவசதி இல்லாத கோணங்களில் கண்ணுக்குத் தப்பியது வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரியும். வண்டியை வாங்கிவிட்டால் அந்தப் படங்களில் அதிகம் பயன்படப்போவது ஆக்சில் தகட்டின் படம்தான். பேரிங், சீல், பிரேக் மேக்னட் என்று எதை வாங்கப் போனாலும் கடைக்காரர் முதலில் கேட்பது அதிலுள்ள எண்ணைத்தான்.